பாலக்காட்டு எல்லையில் மருத்துவ உளவியலாளர் ஆக: படிப்பிலிருந்து முதல் வருடத்து வேலை வரை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து சைக்காலஜி படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கும், படிப்பை முடித்து முதல் வேலையில் உட்காரப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் ஏராளமான வீடுகளில் பேச்சு தமிழ்தான். கடையிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் மலையாளம் பேசிச் சமாளித்துவிடுகிறோம். மனசு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் போய் உட்காரும்போது அந்தச் சமாளிப்பு மலையாளம் போதுவதில்லை. முழங்கால் வலியை எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். மூன்று வருடத்துக்கு முன் நாத்தனார் சொன்ன ஒரு பேச்சு இன்னும் சோறு இறங்கவிடாமல் செய்வதை, அவரவர் வீட்டுத் தமிழில்தான் சொல்ல முடியும். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள இந்த மண்ணிலிருந்தே ஆட்கள் வர வேண்டும்.

நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடுமையான மனநோய் எதுவும் இருப்பதில்லை. தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, புருஷன் குடிக்கிறார், குழுக் கடன் தவணை நெருங்குகிறது, பையன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். இந்தத் தொல்லைகளுக்கான வைத்தியமும் வருகிறவருடைய அன்றாடத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், வீட்டில் எத்தனை பேர், கையில் எவ்வளவு பணம், ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்பது தெரியாமல் நாம் தரும் யோசனை அவர் வீட்டு வாசலைத் தாண்டாது. கீழே சொல்லப் போவதெல்லாம் இதையொட்டித்தான்.

முதலில் படிப்பு

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத முடியாது. அறிவுத்திறன், ஞாபகசக்தி, ஆளுமை போன்றவற்றைப் பரிசோதிப்பதும் பேச்சுவழி சிகிச்சை தருவதும் அவர் வேலை. ஊரில் இரண்டு பேரையும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் எந்த ஆள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் சைக்காலஜி சேரலாம். பி.ஏ. அல்லது பி.எஸ்சி., அதன்பின் இரண்டு வருடம் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. இதோடு நின்றால் மருத்துவ உளவியலாளர் என்று போர்டு வைக்க முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறைப்படி, முதுகலைக்கு மேல் இரண்டு வருட முழுநேரப் படிப்பு வேண்டும். மேற்பார்வையோடு கூடிய ஆஸ்பத்திரிப் பயிற்சி அதில் இருக்க வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரமும் வேண்டும். நீண்ட காலமாக அந்தப் படிப்புக்குப் பெயர் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி.

இப்போது இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தச் சொன்னது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நீட்டிப்புக் கொடுத்தது. இனி வேறு பெயர்களில் படிப்புகள் வரும். ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், நீங்கள் சேரப்போகும் வருடத்துக்கு அந்தக் கல்லூரிக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்பதை கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள். கல்லூரி அச்சடித்த புத்தகத்தில் இருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பயிற்சி தரும் ஆஸ்பத்திரியில் உள்நோயாளி வார்டு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வார்டு பார்க்காமல் படித்து வெளியே வந்தால், தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் எதிரே உட்காரும்போது கை நடுங்கும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம், டெல்லி இபாஸ், கோழிக்கோடு இம்ஹான்ஸ், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவை இந்தப் படிப்பை நடத்தி வந்திருக்கும் இடங்கள். எங்குமே இடங்கள் குறைவு. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. மனநோய்க் குறிகள், புள்ளியியல், ஆராய்ச்சி முறைகள் இம்மூன்றையும் நன்றாகப் படித்துக்கொண்டு பல இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். அரசு நிறுவனங்களில் செலவு குறைவு. தனியாரில் லட்சக்கணக்கில் போகும். முதல் வருடம் கிடைக்கவில்லை என்றால், கடன் வாங்கித் தனியாரில் சேர்வதைவிட இன்னொரு வருடம் படித்து எழுதுவதே மேல் என்பது என் கருத்து.

எம்.ஏ. படிக்கும்போதே ஒன்று செய்யுங்கள். கேரளத்தில் பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் பராமரிப்புக் குழுக்கள், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வேதனையைத் தணிக்கும் குழுக்கள், வீடு வீடாகப் போகின்றன. அனுமதி கேட்டு அந்த நர்ஸோடு சில மாதம் கூடவே போய் வாருங்கள். படுக்கையில் கிடக்கும் ஒருவர் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் உட்காருவது எப்படி, வீட்டார் கோபத்துக்குப் பின்னால் எவ்வளவு களைப்பு இருக்கிறது என்பதையெல்லாம் எந்த வகுப்பும் இந்த அளவுக்குக் கற்றுத்தராது.

அடுத்து பதிவு

1992ஆம் ஆண்டு மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி பதிவு எண் வாங்காமல் தொழில் செய்வது குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. பட்டம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதிவு செய்து, அந்த எண்ணை லெட்டர்ஹெட்டிலும் போர்டிலும் போடுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. கருத்தரங்குச் சான்றிதழ்களை ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

வேலை எங்கே கிடைக்கும்

மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு, குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், எக்ஸைஸ் துறையின் விமுக்தி போதை மறுவாழ்வு மையங்கள், சிறப்புப் பள்ளிகள், பாலக்காடு கோவை தனியார் ஆஸ்பத்திரிகள். அரசுப் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், சம்பளம் பெரிதாக இருக்காது. இருந்தாலும் முதல் இரண்டு வருடம் மனநல மருத்துவர் பக்கத்து அறையில் இருக்கும் இடத்தில்தான் வேலை பார்க்க வேண்டும் என்பேன். சந்தேகம் வந்தால் எழுந்து போய்க் கேட்க ஆள் வேண்டும். தனியாக கிளினிக் போடுவது அதற்குப் பிறகு.

மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தெரபி தமிழில் நடக்கட்டும். ஆனால் பஞ்சாயத்து, போலீஸ், பள்ளிக்கூடம் என்று வரும் கடிதங்கள் மலையாளத்தில் இருக்கும். அதோடு, இங்கே ஒரே ஆள் மாத்திரைக்குக் கோவை ஆஸ்பத்திரிக்கும் பேச்சுக்கு உங்களிடமும் வருவார். இரண்டு பக்கத்துச் சீட்டையும் ஒரே நோட்டில் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் ஒரே மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாக உள்ளே போகும்.

முதல் சந்திப்பு

தனியாக வருகிறவர்கள் குறைவு. மருமகளோடு மாமியார், மகனோடு அப்பா, சில சமயம் பக்கத்து வீட்டு அக்கா. நீங்கள் கேள்வி கேட்பது ஒருவரிடம், பதில் வருவது இன்னொருவரிடமிருந்து. வந்தவர்களை எல்லோரையும் ஐந்து நிமிடம் சேர்த்துப் பாருங்கள், மரியாதையாக இரண்டு வார்த்தை கேளுங்கள். அப்புறம், “அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, இவங்ககிட்ட பேசிட்டு உங்களையும் கூப்பிடறேன்” என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அழைத்துவர மாட்டார்கள். பதினாறு வயதுப் பையனையும் ‘நீங்க’ என்றே பேசுங்கள். வீட்டில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ரகசியம் காப்பது சட்டப்படி உங்கள் கடமை, 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அதற்கு வரம்பு உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாரிடம் சொல்வேன், குழந்தைமேல் பாலியல் வன்முறை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சின்ன ஊரில் இன்னொன்றும் பேசிக்கொள்ள வேண்டும். “பஸ்ஸிலயோ கோயில்லயோ பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், நீங்க பேசினா பேசுவேன்.” இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பலருக்கு முகம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரரையும் அப்பாவின் நண்பர் மகளையும் நீங்கள் பார்க்கக் கூடாது. வேறு ஆளிடம் அனுப்புங்கள், அவர்கள் வருத்தப்பட்டாலும் சரி.

யாரும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “நெஞ்சு படபடங்குதுங்க”, “தலை கிறுகிறுங்குது”, “கை காலெல்லாம் உளைச்சல்”, “கேஸ்தானு நெனச்சனுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏற்கெனவே மூன்று டாக்டரைப் பார்த்திருப்பார்கள். அந்த உடல் வலியை ஒதுக்கிவிட்டு “மனசுல என்ன கஷ்டம்” என்று தாவாதீர்கள். எங்கே வலி, எப்போது, என்ன செய்தால் குறைகிறது என்று முழுதாகக் கேளுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, நெஞ்சுக்கு இ.சி.ஜி. எல்லாம் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். பார்க்காமல் வந்திருந்தால் முதலில் அதற்கு அனுப்புங்கள். தைராய்டு குறைந்து சோர்ந்திருப்பவருக்கு நாம் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது அநியாயம். கயிறு கட்டியிருந்தால், மந்திரித்துவிட்டு வந்திருந்தால், அதைக் குறை சொல்ல வேண்டாம். அங்கே போனபோது என்ன சொன்னார்கள், மனசுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் வீட்டுக் கதை முழுதும் வந்துவிடும்.

‘நேற்று’ என்ற கேள்வி

என் அனுபவத்தில் இதைப் போலப் பயன் தரும் கேள்வி வேறில்லை. “நேத்துக் காலையில கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி படுத்த வரைக்கும் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க.” நேற்று என்பது ஞாபகத்தில் இருக்கும். பொதுவாக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் “ஒண்ணுமே பிடிக்கலைங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பலருடைய வாழ்க்கையிலிருந்து சேர்த்தது, எந்த ஒருவருடையதும் இல்லை. முப்பத்தைந்து வயதுப் பெண், முதலமடைப் பக்கம் மாந்தோப்பில் கூலி வேலை. நாலு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது, ஆறு மணி வரை பாயிலேயே கிடந்தார். காபி மட்டும் குடித்தார். பால் சொசைட்டிக்கு முன்பெல்லாம் அவரே போவார், இப்போது மகள் போகிறாள், ஏனென்றால் அங்கே குழுத் தலைவியைப் பார்க்க வேண்டிவரும். வேலைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்குச் சித்தியின் போன், அதிலிருந்து தலைவலி. மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டிலிருந்து ஐந்து வரை தூக்கம். ராத்திரி பன்னிரண்டு வரை போன் பார்த்தார்.

இந்த ஒரு நாளிலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். விடியலுக்கு முந்திய முழிப்பும் பசியின்மையும் மனச்சோர்வைக் காட்டுகின்றன. கடன் அவமானத்தால் ஒரு பாதையே மூடிப்போயிருக்கிறது. பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் தின்கிறது. சித்தியோடு ஏதோ தீராத விஷயம் இருக்கிறது. அவர் எதையும் ‘பிரச்சினை’ என்று சொல்லவில்லை, நாளைச் சொன்னார், அவ்வளவுதான். எங்கே கை வைக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடுகிறது.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, 27க்கு மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் தேவை. தாளைக் கையில் கொடுக்காமல் நீங்களே படித்துக் கேளுங்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பலர் சொல்வார்கள். எழுத்துத் தெரியாது என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான்.

கேட்காமல் விடக்கூடாத கேள்வி

“சாகலாம்னு தோணியிருக்குதுங்களா?” எல்லோரிடமும், நேராக, இதே மாதிரிக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்ட பிறகு பெரும்பாலோர் மூச்சு விடுகிறார்கள். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்தீர்கள், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று தொடருங்கள். நம் ஊர்களில் தோட்டத்து வீடு என்றால் பூச்சி மருந்து இருக்கும், எலி பேஸ்ட் இருக்கும். அன்றைக்கே அதை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் பொறுப்பு கொடுங்கள். சாகத் தோன்றும் அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிகிறது. அந்த நேரத்தில் விஷம் கையில் இல்லாதது உயிரைக் காக்கிறது. தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் அன்றே அனுப்புங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது மத்திய அரசின் மனநல உதவி எண்ணை, எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திசா உதவி எண் 1056.

முன்பு முயற்சி செய்ததை போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டார் மறைப்பார்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படிச் செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைப் பொறுமையாக விளக்குங்கள்.

யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்ற உறுதி, பல நாள் தூங்காமலே அடங்காத உற்சாகம், பிரசவமான சில நாளில் புத்தி தடுமாற்றம் எல்லாம் மனநல மருத்துவர் உடனே பார்க்க வேண்டியவை. பேச்சு பிறகு.

ஒரு வாரத்துக்கு ஒரு வேலை

முதல் சந்திப்பு முடியும்போது வீட்டுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். மூன்று கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

மேலே சொன்ன பெண்ணுக்கு: வாரத்தில் இரண்டு நாள் அவரே பால் சொசைட்டிக்குப் போவது. தலைவி எதிரே வந்தால் சொல்ல வேண்டிய ஒரு வரியை அறையிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்வது. மனசு சரியான பிறகு வெளியே போகலாம் என்று அவர் காத்திருந்தார். போக ஆரம்பித்தால்தான் மனசு அசையும். 1990களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஜேக்கப்சனின் குழு செய்த ஆய்விலிருந்து இதற்கு ஆதாரம் சேர்ந்துகொண்டே வருகிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறிலிருந்து எட்டு சந்திப்பில் இதே முறையைக் கையாண்டு பலன் கண்டது 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் ஊருக்கு மிக நெருக்கமான சூழலில் நடந்த வேலை அது, அவசியம் தேடிப் படியுங்கள்.

தூக்கத்துக்கு புத்தகத்தில் இருப்பது ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் சொன்ன முறை: தூக்கம் வந்தால் மட்டும் படு, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, எவ்வளவு நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு. நல்ல முறை. ஆனால் ஒரே ஹாலில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் கதவைத் திறந்து வெளியே போனால் வீடே எழுந்துவிடும். அதனால் இப்படி மாற்றிக்கொள்கிறோம்: பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவது, வெறும் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது போல வெளிச்சம் அதிகம் தேவைப்படாத ஒரு வேலையைச் செய்வது, கண் சொக்கினால் பாயை மறுபடி விரிப்பது. படுக்கையும் முழிப்பும் பிரிய வேண்டும் என்பதுதான் விஷயம், அறை முக்கியமில்லை. இதை வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பயந்துவிடுவார்கள். காலையில் எழும் நேரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பகல் தூக்கத்தை முதல் வாரமே முழுக்க நிறுத்தச் சொல்ல வேண்டாம், அரை மணிக்குக் குறைக்கலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ காபி கூடாது. ஷிப்ட் மாறி மாறி கஞ்சிக்கோடு கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அந்த வார ஷிப்டைக் கேட்டு அதற்கேற்ப நேரம் குறிக்க வேண்டும்.

கவலை நாள் முழுக்க ஓடினால், சாயங்காலம் இருபது நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வருகிற கவலையை ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டு, அந்த நேரத்தில் எடுத்துப் பார்ப்பது. எழுதத் தெரியாதவர் போனில் தன் குரலிலேயே பதிவு செய்து வைக்கலாம். கடன் மாதிரி நிஜமான கவலை என்றால் சும்மா பேசிப் பயனில்லை. யாருக்கு எவ்வளவு, வட்டி எத்தனை, எந்தத் தேதி என்று தாளில் போட்டு, இந்த வாரம் யாரிடம் போய் அவகாசம் கேட்பது என்பது வரை வந்து நிறுத்துங்கள். தெரபியில் இதெல்லாமா என்று நினைக்க வேண்டாம். படபடப்பின் வேர் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

குடியும் லாட்டரியும்

எல்லை என்பதால் இந்த இரண்டும் நம் அறைக்கு அதிகம் வரும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, சித்தூர்ப் பக்கமோ கள்ளுக்கடைகள் உண்டு. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி நின்றது, கேரளத்தில் அரசே தினமும் குலுக்குகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்து கோபாலபுரத்துக்கும் வேலந்தாவளத்துக்கும் இதற்காகவே ஆட்கள் வருகிறார்கள்.

குடியில் முதலில் தெரிய வேண்டியது ஒரு ஆபத்து. தினமும் நிறையக் குடிக்கிறவரை “நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதீங்க” என்று அனுப்பக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் குழப்பமும் இல்லாதது தெரிவதுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவர் மேற்பார்வையில், மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும். நம் வேலை அதன் பின் தொடங்குகிறது. எந்த நேரம், யாரோடு, எந்த வழி, கையில் பணம் வரும் நாள் எது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேரே கடைப் பக்கம் போகும் கால்களுக்கு வேறு வழி தேட வேண்டும். கூலியை மனைவி கூடவே போய் வாங்குவது, முதலாளியிடம் சொல்லி பேங்கில் போடுவது, ஐந்து மணிக்கு மகனை டியூஷனில் விட்டுவரும் பொறுப்பை ஏற்பது என்று அவருக்குச் சரிப்படுவதை அவரே சொல்லும் வரை கேட்டுக்கொண்டிருங்கள். மறுபடி குடித்துவிட்டு வந்தால் திட்டாதீர்கள். அன்றைக்கு நடந்ததை மணிவாரியாகக் கேளுங்கள். அடுத்த தடுப்பு எங்கே வேண்டும் என்பது அதில் கிடைக்கும்.

லாட்டரி எடுப்பவர் தன்னை நோயாளி என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். கூட்டிவருவது மனைவியாக இருக்கும். விழாமல் போன சீட்டுக்கும் அவர் ஒரு காரணம் வைத்திருப்பார், ஒரு நம்பர் தள்ளிப்போச்சு என்பார். அடுத்த குலுக்கலுக்குப் போன குலுக்கல் தெரியாது என்பதை வாதாடி நிரூபிக்கப் பார்ப்பதைவிட, ஒரு மாதத்துச் சீட்டுக் கணக்கையும் பரிசுக் கணக்கையும் அவர் கையாலேயே எழுத வைப்பது நன்றாக வேலை செய்கிறது. தாளைப் பார்த்து அவர் மௌனமாகும்போது அவசரப்பட்டு எதுவும் சொல்லாதீர்கள்.

வீட்டுச் சண்டை

மாமியார் மருமகள், பாகப்பிரிவினை, மகன் காதல் என்று வருவதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் பெரியவர் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கப் பார்ப்பார்கள். உட்காராதீர்கள். ஒருவர் பேசி முடித்ததை மற்றவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் வையுங்கள். அடி உதை இருக்கிற வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசக் கூடாது. அடிபடுகிறவள் இங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். தனியாகப் பேசுங்கள், பெண்கள் உதவி எண் 181ஐயும், கேரள அரசின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் ஸ்நேகிதா உதவி மையத்தையும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் சொல்லி வையுங்கள். எண்ணை எழுதிக் கொடுத்தால் வீட்டில் மாட்டிக்கொள்வாள் என்றால் மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள்.

எத்தனை முறை, எப்படி முடிப்பது

ஒருமுறை நம்மிடம் வர ஒருநாள் கூலி போகிறது, பஸ் செலவு தனி. முதல் மூன்று சந்திப்பு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறோ எட்டோ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சந்தை நாளில், அல்லது வேறு வேலையாக டவுனுக்கு வரும் நாளில் நேரம் கொடுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் போதும். ஒவ்வொரு சந்திப்பும் போன வார வேலை என்ன ஆயிற்று என்பதில் தொடங்கட்டும். செய்யவில்லை என்றால் வேலை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். நான்காவது சந்திப்பில் பி.ஹெச்.க்யூ-9 மறுபடி கேளுங்கள். எண் இறங்கவே இல்லை என்றால் மனநல மருத்துவரோடு கலந்து பேசுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம் உங்களைவிட மூத்த ஒருவரிடம், பெயர் சொல்லாமல், உங்கள் கேஸ்களைப் பேச வேண்டும். சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தாவது செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறாவது ஆளின் கதையைக் காது கேட்கும், மனசு கேட்காது.

கடைசிச் சந்திப்பில் ஒரே தாளில் மூன்று விஷயம் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: எது உதவியது, மறுபடி வருகிறது என்று எதைப் பார்த்தால் தெரியும், அப்போது முதலில் என்ன செய்வேன். விடிகாலை முழிப்பு தொடர்ந்து நான்கு நாள் வந்தால், சொசைட்டிக்குப் போவதை மகளிடம் மறுபடி விட்டுவிட்டால் என்று அவருடைய அன்றாடத்திலிருந்தே அடையாளங்கள் வரட்டும். தாளை அவர் நம்பும் ஒருவரும் படித்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து நீங்களே ஒரு போன் செய்யுங்கள், அவர் ஒப்புக்கொண்ட நேரத்தில், ஒப்புக்கொண்ட எண்ணுக்கு. வேறு யாராவது எடுத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து என்று சொல்லாமல் வைத்துவிட்டு மறுநாள் கூப்பிடுங்கள்.